தரையைப் பார்த்து வழியறியும் வண்டி
(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



சேற்றில் அகப்பட்ட டிராக்டரை நீங்கள் கண்டிருப்பீர்கள். பின்சக்கரங்கள் விரைந்து சுழல்கின்றன. டிராக்டரோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைக் கொண்டு வண்டி சென்ற தூரத்தைக் கணக்கிட்டால், அக்கணக்குப் பொய்த்துவிடும். மனிதர் ஓட்டாமல் தானே செல்லும் 'ரோபோ' என்னும் சிறு யந்திர வண்டியைச் செய்யும் மாணவர்களுக்கு நேரும் இடர்ப்பாடும் இதுவே. இதற்கு மலிவான உபாயம் ஒன்று உண்டு.

கம்ப்யூட்டருடன் இணைத்துக் கையால் நகர்த்தும் 'மவுஸ்' என்ற கருவியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதன் முதல் மாதிரி, டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் கருத்துப்படி, 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மரத்தினால் செய்யப்பெற்றது. அதன் அடியில் இரு சக்கரங்கள் இருந்தன. ஒன்று முன்பின் அசைவையும், மற்றொன்று பக்கவாட்டு அசைவையும் அளந்தது. இக்காலத்து மவுஸில் அச்சக்கரங்கள் இல்லை. அடியிலுள்ள சிறு விளக்குத் தரையின் மீது சாய்வாக ஒளி வீசுகிறது. தரையின் நுண்ணிய மேடு பள்ளங்கள் அவ்வொளியில் நிழல் காட்டுகின்றன. உள்ளிருக்கும் சிறு காமிரா விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுக்கிறது. ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டு, எப்பக்கம், எவ்வளவு நகர்ந்தோம் என்று கருவி கணக்கிடுகிறது. பழைய மவுஸ் பலவும் ஓர் அங்குல நகர்வை 400 பங்காகப் பகுத்து அளக்கும்.

இக்கருவியை வண்டியின் அடியில் பொருத்தினால், அது தரையையே நேராகப் பார்ப்பதால், சக்கரம் வழுக்கினாலும் ஏமாறுவதில்லை. ஆனால் ஒரு மவுஸ் மட்டும் இருப்பின், வண்டி திரும்பியதா, நகர்ந்ததா என்பது விளங்காது. ஆகையால் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டைப் பொருத்துவர். முன்செல்லும் அளவு இரண்டிலும் சமமாயின் வண்டி நேரே சென்றது என்று பொருள். வேறுபடின் வண்டி திரும்பிற்று. அவ்வேற்றுமையையும் இரு மவுஸ்களின் இடைவெளியையும் கொண்டு, திரும்பிய கோணத்தைக் கண்டுகொள்ளலாம்.

இதன் குறைகளையும் கூறவேண்டும். மவுஸின் லென்ஸ் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். சிறிது உயர்ந்தாலும் காட்சி மங்கிவிடும். ஆதலின் உழுத நிலத்தில் இது பயன்படாது. பள்ளிக்கூடத் தரையே இதற்கு ஏற்ற இடம். கண்ணாடி போன்ற பளபளப்பான தரையிலும் இது தவறிவிடும்.

மற்றொரு குறை பெரிது. எவ்வளவு நகர்ந்தோம் என்பதை மவுஸ் சொல்லுமேயன்றி, எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லாது. நகர்ந்த அளவுகளைக் கூட்டிக்கொண்டே போகையில் சிறு பிழைகளும் கூடிக்கொண்டே போகும். திசை ஒரு பாகை பிசகினால், 10 மீட்டர் சென்றதும் வண்டி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகி நிற்கும். சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர், சர்வே கல்லை ஆதாரமாகக் கொண்டு தம் அளவைச் சரிபார்க்கிறார் அன்றோ? அதுபோலவே தரையில் சில அடையாளங்களை இட்டு, வண்டி அவற்றை அடையும்போதெல்லாம் கணக்கைத் திருத்திக்கொள்ளச் செய்யவேண்டும்.

இது விளையாட்டு வண்டிக்கே உரிய குறை என்று எண்ணவேண்டாம். செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாகப் பறந்த 'இன்ஜெனியூட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டரும், கீழ்நோக்கிய காமிராவினால் தரையின் அடையாளங்களைக் கண்டே வழியறிந்தது. 2024 ஜனவரி 18 அன்று, தன் 72-ஆவது பயணத்தில், அடையாளம் அதிகமில்லாத மணற்பரப்பின்மேல் அது சென்றது. இறங்குகையில் அதன் இறக்கைகள் முறிந்தன. பின்னர் அது பறக்கவேயில்லை. மணற்பரப்பில் போதிய அடையாளம் கிட்டாமையே இதற்குக் காரணமாயிருக்கக் கூடும் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர்.

இதனை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்து தெளிக்கும் டிரோன்களும், தாமே வழியறிந்து செல்லும் டிராக்டர்களும் விவசாயத்தில் இடம்பெற்று வருகின்றன. விற்போர் அவற்றின் சிறப்புக்களையே சொல்வர். இந்த யந்திரம் எதை அளக்கிறது? எப்போது தவறும்? தவறினால் திருத்துவது எவ்வாறு? இம்மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுக்கவேண்டும். பழைய மவுஸைக் கொண்டு வண்டி செய்து, அதன் பிழையைத் தன் கண்ணால் கண்ட சிறுவன், நாளை விவசாயியாகும்போது இக்கேள்விகளைத் தானே கேட்பான்.

அடியில் சிவப்பு விளக்கும் முனையில் வட்டச் செருகியும் உள்ள பழைய மவுஸ்கள் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. 'அர்டுயினோ' போன்ற சிறு மின்பலகையோடு எளிதில் இணைபவை. பஞ்சாயத்து அலுவலகத்தில் கழித்துவைத்த பொருள்களில் இத்தகையவை இருப்பின், விதிகளின்படி கணக்கிலிருந்து நீக்கி, உள்ளூர்ப் பள்ளிக்கு அளித்துதவுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.