முற்றத்துல கல் பதிக்கிறதுக்கு முன்னாடி

எங்க பக்கம் மண் அள்ளுற எந்த வண்டிக்கும் பேரு ஜேசிபிதான். நிஜ ஜேசிபி ஏழடி அகலம்; கடமலைக்குண்டு சந்துக்குள்ள திரும்பாது. அதனால வீட்டு வேலைக்கு ஒன்றரை டன் மினி ஹிட்டாச்சி கொண்டு போவேன். ஒரு மீட்டர் அகலம், ரப்பர் செயின். வாசல் கேட் வழியா நுழைஞ்சிடும்.

தோண்டுறது சீக்கிரம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் பேச்சே. "மொத்தமா கான்கிரீட் போட்ருங்க தம்பி, புல்லு முளைக்கக் கூடாது"ம்பாங்க. மூல வைகை பக்கத்துலதான் இருக்கு, ஆனா பல மாசம் வெறும் மணல். முற்றத்துல விழுற மழையும் ரோட்டுக்கு ஓடிட்டா போர்ல எங்கிருந்துங்க தண்ணி வரும்?

அரையடி ஜல்லி போட்டு மெஷின்ல இறுக்கி, மேல ஒரு அங்குலம் மணல் பரப்பி, பேவர் பிளாக் பதிக்கலாம். இடுக்குல சிமென்ட் பூசக் கூடாது, மணல்தான். ஐம்பது அடிக்கு ஒரு அடி வாட்டம், சுவரை விட்டு விலகி, மழைநீர்க் குழியைப் பார்த்து. 2003லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. சில வீட்டுல அந்தக் குழி மேலயே டைல்ஸ் ஒட்டியிருக்கு!

புதுசா குழி தோண்டும்போது ஒன்றரை மீட்டரைத் தாண்டினா, முட்டுக் கொடுக்காம ஆளை இறக்க மாட்டேன். ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன் இருக்கும். சரிஞ்சா கத்தக்கூட நேரமிருக்காது. அள்ளின மண்ணையும் குழி ஓரத்துல குவிக்க விட மாட்டேன். வீட்டுக்காரர் அவசரப்பட்டா, அவரையும் சேர்த்துத் தள்ளி நிக்கச் சொல்லிடுவேன்.