தியவன்னாக் கரையிலே



கொழும்பிலே குடியிருப்போர் வாயிலிருந்து அடிக்கடி வரும் குறையொன்று உண்டு. "இந்த ஊரிலே மூச்சு விடுவதற்கு இடம் ஏது? காலிமுகத் திடலை விட்டால் வேறு போக்கிடம் இல்லையே!" என்பார்கள். நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் நுவரெலியாவுக்கோ திருகோணமலைக்கோ பயணமாவார்கள். நானும் பல்லாண்டு காலம் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து, கோட்டேயின் ஓரத்திலே சிறு வீடொன்றைக் கட்டிக் குடியேறினேன். வீட்டின் பின்புறத்திலேயே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு கிடந்தது. அதனை நான் பள்ளத்தாக்கு என்று அழைத்ததில்லை. 'சதுப்பு' என்பேன், சினம் மிகுந்த வேளையில் 'நுளம்புக் காடு' என்பேன்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றியும், அதிலே உலாவுவதற்கு அமைந்துள்ள வழிகளைப் பற்றியும், அவ்வழிகளில் நாம் நடப்பதனால் விளையும் பெரும் பயனொன்றைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

தியவன்னா ஓயா பெரிய நதியன்று. மகாவலியைப் போல மலையுச்சியிற் பிறந்து வருவதுமன்று. தலைநகரின் கிழக்கேயுள்ள மேட்டு நிலங்களில் விழும் மழைநீர் வயல்கள் வழியே தாழ்ந்து வந்து, பத்தரமுல்ல, கோட்டே, இராஜகிரிய ஆகிய ஊர்களிடையே பரந்து நின்று, பின்னர் வாய்க்கால்கள் வழியாக ஒரு பகுதி களனி கங்கையையும், மற்றொரு பகுதி வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கமாகக் கடலையும் சென்றடைகின்றது. நிலம் கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடப்பதனால் இந்த நீருக்கு ஓட்டம் குறைவு. ஓடுவதைக் காட்டிலும் தங்குவதே இதன் இயல்பு. இந்தத் தங்கும் இயல்புதான் வரலாற்றிலே இதற்குப் பெருமை தேடிக் கொடுத்தது.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழகக்கோனார் என்னும் அமைச்சர் இவ்விடத்தைத் தேர்ந்து கோட்டை ஒன்றை எழுப்பினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆதிக்கம் மேற்குக் கரையோரம் வரை எட்டிய காலம் அது. அவர்களை எதிர்த்து நிற்பதற்கே இக்கோட்டை கட்டப்பட்டது என்று சிங்கள வரலாற்று நூல்கள் கூறும். சுற்றிலும் சதுப்பும் நீரும். தென்புறத்தில் மட்டும் ஒடுங்கிய ஒரு நிலவழி. அந்த வழியையும் அகழி வெட்டித் தடுத்துவிட்டால் பகைவர் உட்புகுவது எளிதன்று. இன்றும் அப்பகுதியிலே எத்துல் கோட்டே, பிட்ட கோட்டே என இரண்டு ஊர்ப் பெயர்கள் வழங்குகின்றன. 'எத்துல்' என்றால் உள். 'பிட்ட' என்றால் வெளி. பஸ் வண்டியின் பெயர்ப் பலகையிலே பழைய மதிலின் உள்ளும் புறமும் எழுதப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கின்றோம்?

15ஆம் நூற்றாண்டிலே ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் இங்கிருந்து அரசாண்டான். அவனுடைய ஆணைப்படி 1450ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயனையே நாம் செண்பகப்பெருமாள் என்று அறிவோம். பின்னாளில் அவன் கோட்டே அரியணை ஏறிப் புவனேகபாகு என்னும் பெயர் பூண்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே கட்டியம் கூறும்போது புவனேகபாகு என்ற பெயர் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய அரசன் இந்தத் தியவன்னா நீரைப் பார்த்திருந்தவன் என்று எண்ணும்போது, வடக்கிலிருந்து வந்த எனக்கு இந்தச் சதுப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

போர்த்துக்கேயர் 1565இல் கோட்டேயைக் கைவிட்டுக் கொழும்புக்குச் சென்றனர். மதில்கள் இடிந்தன, காடு மண்டியது. ஆயினும் செம்பூரான் கல்லால் கட்டப்பட்ட மதிலின் சில துண்டுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. உங்கள் நடையை அங்கிருந்து தொடங்குமாறு கூறுவேன். மதிலைப் பார்த்த பின், பெத்தகானவிலுள்ள வெகெரகந்தை மேட்டுக்குச் செல்லலாம். பழைய தாதுகோபங்களின் அடித்தளங்களை அங்கே காணலாம்.

அதனை அடுத்திருப்பது பெத்தகான ஈரநிலப் பூங்கா. சதுப்பின் மேலே மரப்பலகையால் நடைபாதை அமைத்திருக்கின்றார்கள். கீழே நீர், இருமருங்கும் புல்லும் புதரும். பறவை பார்ப்பதற்கென்று மறைவிடங்களும் உண்டு. தலவத்துகொடவில் இருக்கும் தியசரு பூங்கா இதனினும் பரந்தது. ஏறத்தாழ 60 ஏக்கர் நிலம். முன்னாளில் நெல் விளைந்து பின்னர் கைவிடப்பட்ட வயலும் சதுப்பும் அங்கே இன்று சிறு காடாகவும் குளமாகவும் நிற்கின்றன. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பாராளுமன்ற வாவிக் கரையையும், பத்தரமுல்லவின் தியத்த உயனவையும் நாடலாம். அந்த வாவியும் சதுப்பைத் தோண்டி உண்டாக்கியதே. அதன் நடுவே ஜெப்ரி பாவா வரைந்த பாராளுமன்றக் கட்டடம் 1982 ஏப்ரல் 29ஆந் திகதி திறந்து வைக்கப்பட்டது. இன்னும் கிழக்கே செல்லும் விருப்பமுடையோர் தலங்கமக் குளக்கரையில் நடக்கலாம். ஊதாமுக மந்தி என்னும், இந்நாட்டுக்கே உரிய அரிய குரங்கினம் அப்பக்கத்து மரங்களில் காணப்படுவதுண்டு.

காலை 6 மணிக்குச் செல்லுங்கள். வெயில் ஏறிய பின் பறவைகள் ஒடுங்கிவிடும். செவ்வலகும் நீலவுடலும் கொண்ட தாழைக்கோழி, மிதக்கும் இலைகளின் மேலே கால் பதித்து நடக்கும் இலைக்கோழி, சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி இவை யாவும் சாதாரணமாகக் கண்ணிற் படுவன. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் வடநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். பாதையின் குறுக்கே கபரகொய்யா ஊர்ந்து சென்றால் அஞ்ச வேண்டாம். வழிவிட்டு நின்றால் போதும். நீர்நாயைக் காண்பதற்கு நற்பேறு வேண்டும். மீன்பிடிப் பூனையைக் காண்பதற்கு அதனினும் பெரிய பேறு வேண்டும். இரவில் இரைதேடும் அந்தப் பூனை, சதுப்பை விட்டு வெளியேறி, வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் வளர்க்கும் அழகு மீனையும் கவர்ந்து செல்வதுண்டு. தலைநகரத்தின் எல்லைக்குள்ளேயே இத்தகைய விலங்கு வாழ்வது எத்துணை வியப்பு! 1985இல் இப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி ஸ்ரீ ஜயவர்தனபுர சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2018இல் உலகிலேயே முதன்முதலாக 'ராம்சார் ஈரநில நகரம்' என்னும் தகுதி பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாயிற்று.

நேயர்களே, அழகை மட்டும் சொல்லிவிட்டு நான் விடைபெற்றிருக்கலாம். ஆனால் இந்த நிலத்துக்கு நான் இழைத்த தவறொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொழும்பிலே ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஐந்திலொரு பங்கு அது. என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். புத்தகங்கள் மிதந்தன. வெள்ளம் வடிந்த மறு மாதமே லொறி லொறியாகச் செம்மண் கொண்டுவந்து என் வளவையும், வளவின் பின்னே கிடந்த தாழ்நிலத் துண்டையும் நிரப்பி உயர்த்தினேன். அயலார் பலரும் அவ்வாறே செய்தனர். புத்திசாலித்தனமான காரியம் செய்ததாகவே கருதினேன்.

2010 நவம்பரிலே மறுபடியும் பெருமழை. பாராளுமன்றத்துக்குச் செல்லும் வழியே நீரில் மூழ்கிய நாள் அது. என் வீட்டுக்குள் ஒரு துளி நீர் வரவில்லை. விடிந்ததும் மகிழ்ச்சியோடு யன்னலைத் திறந்தேன். பக்கத்து வளவிலே தனியாக வாழ்ந்த வயோதிப மாது இடுப்பளவு நீரில் நின்று, அரிசிப் பானையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். ஓடிச் சென்று கைகொடுத்தேன். நனைந்த சேலையோடு என் வீட்டு விறாந்தையில் அமர்ந்த அவர், கோபம் சிறிதும் இல்லாமல், "மகன், முன்பெல்லாம் இந்தத் தண்ணீர் பின்னாலுள்ள பள்ளத்தில்தான் நிற்கும். இப்போது அதற்கு நிற்க இடமில்லை. அதனால் என் வீட்டுக்கு வருகிறது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை மூடியவர்களில் நானும் ஒருவன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதன் பின்னரே இந்தப் பள்ளத்தாக்கின் தொழிற்பாட்டை அறிய முற்பட்டேன். களனி கங்கை பெருகும்போது அதன் நீர் நகருக்குள் ஏறாதபடி வாய்க்கால் முகப்புக் கதவுகளை மூடவேண்டும். அந்நேரத்தில் நகருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? வடிய வழி திறக்கும் வரை எங்காவது காத்திருக்கத்தான் வேண்டும். அவ்வாறு காத்திருக்கும் இடமே சதுப்பு. பெருமழைக் காலத்து வெள்ளத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு நீரைக் கொழும்பின் ஈரநிலங்கள் தாங்கிக்கொள்ள வல்லன என்று ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். ஒருவர் ஓர் அடி உயரத்துக்கு நிலத்தை நிரப்பினால் அங்கிருந்த நீர் மறைந்துபோவதில்லை. அயலானின் வாசலுக்கு இடம்பெயர்கின்றது. அவ்வளவுதான்.

முற்காலத்திலே அரசும் இவ்வாறு எண்ணவில்லை. கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை 'மீட்பதற்கென்றே' 1968இல் சட்டம் இயற்றி ஒரு சபையை நிறுவினார்கள். சதுப்பை மண்ணிட்டு மூடுவதற்கு மீட்பு என்று பெயர்! அந்தச் சபையின் வழிவந்த கூட்டுத்தாபனமே இன்று தியசரு பூங்காவைப் பராமரிக்கின்றது. ஒரு நிறுவனம் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள முடியுமானால் நம்மாலும் முடியாதா?

நடைபாதைகளின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. சதுப்பை மூடுவோர் பட்டப்பகலில் வருவதில்லை. ஆளரவமற்ற ஓரமாகப் பார்த்து, இரவிலே ஒரு லொறி மண், மறு வாரம் இன்னொரு லொறி என்று கொட்டுவார்கள். ஆண்டிரண்டு கழிந்ததும் அங்கே மதில் எழும்பிவிடும். ஆனால் ஓரத்திலே பாதையிருந்து, அதிலே காலையும் மாலையும் மக்கள் நடமாட்டமும் இருந்தால், அந்தத் துணிவு வராது. நேற்றில்லாத மண்மேட்டை இன்று நடப்பவர் காண்பார்; கேட்பார்; ஊருக்குச் சொல்வார். கம்பிவேலியை ஓரிரவில் வெட்டிவிடலாம். நாள்தோறும் நடக்கும் நூறு பேருடைய கண்களை அவ்வாறு அகற்றிவிட முடியாது.

ஆகவே, கொழும்பிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் நேயர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் போதும். வெற்றுப் போத்தலை மட்டும் மறவாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வேறு ஊர்களிலே இருப்போர், உங்கள் ஊரின் குளக்கரையையும் வாய்க்கால் ஓரத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தவர்க்கும் இது பொருந்தும். அங்கேயும் மழைநீர் தங்கிய குளங்கள் பல தூர்ந்து போயின.

நான் நிரப்பிய வளவின் மண்ணை இப்போது அகற்ற இயலாது. அதன் மேலே வீட்டின் சமையலறை நிற்கின்றது. ஆனால் பின்னாலிருந்த தாழ்நிலத் துண்டிலே இட்ட மண்ணை, அந்த மாது உயிருடன் இருந்த காலத்திலேயே கூலி கொடுத்து வெட்டி அப்புறப்படுத்தினேன். சென்ற மழைக்கு அங்கே மீண்டும் நீர் நின்றது. காலையிலே தாழைக்கோழி ஒன்று அதிலே மேய்ந்துகொண்டிருந்தது.