இன்னும் ஒரு துண்டு ரொட்டி



திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை என்றதும் பலருக்கும் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்தான் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரோடு கப்பலேறியவர் அவர். ஸ்ட்ரிக்லண்ட் அவரை ஆஸ்திரியாவில் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார். வீட்டில் நாஞ்சில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பையன், மூன்றுமே செல்லாத, ஜெர்மன் பேசும் ஓர் ஊரில் போய் இறங்கினான். பிறகு சூரிச்சில் பொறியியல் படிப்பு, பெர்லினில் அரசியல். 1934இல் பெர்லினிலேயே இறந்துபோனார். தன் சாம்பலைக் கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும், நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி லட்சுமிபாய் காத்துவைத்திருந்த சாம்பல் 1966இல்தான் இந்தியப் போர்க்கப்பலில் கொச்சி வந்து சேர்ந்தது.

இன்றும் கேரளத்துப் பிள்ளைகள் ஜெர்மன் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலேயே அதற்கு கோதே மையம் இருக்கிறது. இலக்கணம் வகுப்பில் வந்துவிடும். ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு பாடம். அங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு சூடாக இருக்காது. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆறிய இறைச்சித் துண்டுகள், அவ்வளவுதான். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அமைதி காக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குச் சட்னிக்கு மிக்ஸி போட்டுப் பழகிய கரமனை அக்கிரகாரத்துப் பெண் அங்கே போனால் முதல் நாளே பக்கத்து வீட்டாரின் அறிமுகம் கிடைத்துவிடும்!

இதைவிடப் பெரிய சிக்கல் பரிமாறும் இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் விருந்தாளி "போதும்" என்பார். யாரும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. இரண்டாம் முறையும் மறுப்பார். மூன்றாம் முறை இலையில் விழுந்துவிடும். மேற்கத்திய வீடுகளில் பெரும்பாலும் முதல் மறுப்போடு பாத்திரம் உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் மரியாதைதான். நடுவில் ஒருவருக்குப் பசி.

அந்தப் பசியை விவரமாக எழுதிவைத்தவர் காந்தி. 1888இல் அவர் லண்டன் போய் இறங்கியதும் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வந்தார். இளைஞர் காந்தி மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிக் கலைத்துவிட்டார். முதல் பாடம் அங்கேயே தொடங்கியது: பிறர் பொருளைத் தொடாதே, உரக்கப் பேசாதே, எல்லோரையும் 'சார்' என்று கூப்பிடாதே, புதிதாக அறிமுகமானவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்காதே. கடைசி விதியை நம் ஊரில் கடைப்பிடித்தால் பேச்சே தொடங்காது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் மேற்கொண்டு என்ன பேசுவது?

இங்கிலாந்து வந்தது படிப்புக்கு மட்டுமல்ல, அந்த நாட்டு வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளவும்தான். அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று சொன்னவரும் மேத்தாதான். முதலில் ரிச்மண்டில் ஒரு நண்பரிடம் பயிற்சி. பிறகு மேற்குக் கென்சிங்டனில், இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று. வீட்டுக்காரம்மா கணவரை இழந்தவர், இரண்டு பெண்கள். இறைச்சி தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காந்தி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் தம்மால் ஆனவரை பார்த்துக்கொண்டார். ஆனால் எல்லாமே சப்பென்று இருந்ததால் தொண்டைக்குள் இறங்கவில்லை. வைத்ததற்கு மேல் கேட்கக் கூச்சம். பெண்கள் இருவரும் இன்னும் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். முழு ரொட்டியே இருந்தால்தான் வயிறு நிறையும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த அன்றுதான், இங்கிலாந்துக்கு வந்த பிறகு முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டார்.

இத்தனைக்கும் அது அன்பான வீடு. யாரும் அவரை அவமதிக்கவில்லை.

இப்படிக் குடும்பங்களோடு தங்கும் பழக்கம் பின்னாளில் அமைப்புகளின் வேலையாகவே ஆனது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களின் அமைப்பாகத் தொடங்கிய ஏ.எஃப்.எஸ்., 1947இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது; மாணவர்களை வெளிநாட்டுக் குடும்பங்களோடு தங்கவைத்தும் வருகிறது. ஜப்பானில் தங்கப் போகும் மாணவருக்கு முதலில் சொல்வது குளியலறை விஷயம்: வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்க வேண்டும், அடுத்து வருபவருக்கும் அதே வெந்நீர்தான்.

காந்தி மேற்குக் கென்சிங்டன் குடும்பத்தோடு நீடிக்கவில்லை. வாரக் கட்டணம் ஒருபுறம். வீட்டாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துப் போவது மரியாதை; பெண்கள் உடன் வந்தால் செலவெல்லாம் ஆணுடையது என்பது அந்நாளைய வழக்கம். வெளியில் சாப்பிட்ட நாளுக்கு வாரக் கட்டணத்தில் கழிவும் கிடையாது. கணக்குப் பார்த்துவிட்டுத் தனியாக அறைகள் எடுத்துக்கொண்டார். பின்னர் அதையும் சுருக்கி, ஒற்றை அறையும் ஓர் அடுப்புமாக, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தானே காய்ச்சிக் குடித்தார்.