இறுதிக் காட்சியும் உள்ளுறையும்

(வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக அபிராமபுரத்தில் திங்கள்தோறும் கூடிவரும் இவ்வட்டத்தில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. கவிஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு குரல், 'இதில் தாங்கள் சொல்ல வந்தது என்ன?' என்று கேட்கும். சிலர் விளக்கம் தருவர். சிலர் புன்னகைத்து அமர்ந்துவிடுவர். விளக்கம் பெற்ற கவிதை சற்றுச் சிறுத்துவிட்டதாக எனக்குத் தோன்றும். விளக்கம் பெறாத கவிதையோ கைக்கெட்டாமலே போயிற்றோ என்னும் ஏக்கத்தைத் தரும். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி உண்டா என்பதே இன்றைய என் உரைப்பொருள். இதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று கவிதை அன்று, ஒரு திரைப்படம்.

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி, 1968 ஏப்ரலில் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் அறிவியல் புனைவுப் படத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டே கால் மணி நேரத்திற்கு மேல் ஓடும் அப்படத்தில், முதல் இருபது நிமிடங்களுக்கு மேலாகவும் இறுதி இருபது நிமிடங்களுக்கு மேலாகவும் எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வியாழனை நோக்கிச் சென்ற விண்வெளி வீரன் போமன், ஒளி வெள்ளத்தைக் கடந்து, பழங்கால ஐரோப்பியப் பாணியில் அமைந்த வெண்ணிற அறையொன்றை அடைகிறான். அங்கே தன்னையே முதியவனாகக் காண்கிறான், உணவு உண்கிறான், கண்ணாடிக் கிண்ணம் தவறி விழுந்து உடைகிறது. பின்பு மரணப் படுக்கையிலிருந்து, எதிரே நிற்கும் கரிய நெடுங்கல்லை நோக்கிக் கை உயர்த்துகிறான். படுக்கையில் அவன் இருந்த இடத்தில் ஒளிக்கோளத்தினுள் ஒரு கரு. அக்குழந்தை விண்ணில் மிதந்து பூமியை நோக்குகிறது. பின் நம் பக்கம் திரும்புகிறது. படம் முடிகிறது.

இதன் பொருள் யாது? இக்கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். இவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் மறைந்தவர். நம் சுஜாதா மறைந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த நாள் அது. படம் வந்த அதே ஆண்டில் கிளார்க்கின் நாவலும் வெளிவந்தது. படம் மறைத்தவற்றை நாவல் விரித்துரைத்தது: நெடுங்கல் வேற்றுலக அறிவுடையோரின் கருவி, அறை அவர்கள் அமைத்த தங்குமிடம், குழந்தை, பூமியைச் சுற்றும் அணு ஆயுதங்களை வெடிக்கச் செய்து அழிக்கும் புதிய உயிர். ஒரே விதையிலிருந்து இரண்டு செடிகள். ஒன்று பேசுகிறது, மற்றொன்று பேசவில்லை.

குப்ரிக், படம் வெளிவந்த ஆண்டிலேயே ஒரு நேர்காணலில் முடிவை விளக்க மறுத்துவிட்டார். ஆயின் 1980-இல் ஜப்பானிய ஆவணப்படக் குழுவினரிடம் தொலைபேசியில் பேசுகையில் அவரும் மனம் இளகினார். கடவுளை ஒத்த, உருவமற்ற ஆற்றல்கள் போமனை விலங்குக்காட்சிச் சாலையில் வைப்பதுபோல் அவ்வறையில் வைத்துப் பார்க்கின்றன. பின் மேலானதோர் உயிராக்கித் திருப்பி அனுப்புகின்றன என்னும் கருத்துப்படச் சொன்னார். அப்பதிவு 2018-இல் வெளிப்பட்டபோது, 'புதிர் அவிழ்ந்தது' என்று உலகெங்கும் எழுதினார்கள். அதைப் படித்த அன்றிரவு அவ்விறுதிக் காட்சியை மீண்டும் பார்த்தேன். புதிர் அவிழவில்லை. ஆசிரியரின் சொல் ஓர் உரை, மூலம் வேறு.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் பொருந்துமா? இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு சான்று தருகிறேன். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணமலைக் கோயிலைப் போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தனர். அதன் தூண்களும் சிதைவுகளும் கடலடியில் கிடப்பதை 1956-இல் கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் மூழ்கிக் கண்டார். கிளார்க் 1957-இல் வெளிவந்த தம் நூலில் அக்கடலைப் பற்றி எழுதினார். கடலடியில் புதைந்த நம் கருங்கல்லே படத்தின் கரிய நெடுங்கல் என்று சொல்லிவிட என் தமிழ் நெஞ்சமும் துடிக்கிறது. சொன்னால் இவ்வவையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதற்குப் படத்தினுள் ஒரு சான்றும் இல்லை. மேலும், நெடுங்கல்லுக்கு மூலமான கிளார்க்கின் 'சென்டினல்' சிறுகதை 1951-இலேயே வெளிவந்துவிட்டது. நம் ஆசை வேறு, பொருள் வேறு.

இவ்விடத்தில் தொல்காப்பியம் நமக்குத் துணை நிற்கிறது. புலவன் கூறக் கருதிய பொருளை வெளிப்படையாகக் கூறாது, கருப்பொருளின்மேல் ஏற்றிக் கேட்போர் உய்த்துணர வைப்பது உள்ளுறை. அதற்கு அந்நூல் ஓர் எல்லை வகுக்கிறது: கருப்பொருள்களுள் தெய்வத்தை விலக்கி, ஏனையவற்றையே உள்ளுறைக்கு நிலமாகக் கொள்ள வேண்டும் என்பது அவ்வெல்லை. மரம், புள், விலங்கு, தொழில் ஆகியவற்றில் காலூன்றியே பொருள் எழ வேண்டும். அகப்பாடலுக்கு வகுத்த இவ்விதியைத் திரைப்படத்திற்கு அப்படியே பொருத்துதல் தகாது என்பதை அறிவேன். ஆயினும் அதன் அறிவுரை நமக்குப் பயன்படும். 'கடவுளை ஒத்தோர் செய்தார்கள்' என்று மேலே பார்ப்பதற்கு முன், கீழே கிடக்கும் பொருள்களைப் பாருங்கள்.

அவ்வாறு பார்த்தால் கண்ணில் படுவன இரண்டு. முதலாவது, கையிலுள்ள கருவி. தொடக்கத்தில் வாலில்லாக் குரங்கு ஓர் எலும்பைக் கருவியாகக் கொள்கிறது, அதனாலேயே தன் இனத்தைக் கொல்கிறது, வானில் எறிகிறது. அவ்வெலும்பு கண்ணிமைப்பில் விண்கலமாகிறது. பின்பு ஹால் என்னும் கணினி, கருவியே கொலையாளியாக மாறுகிறது. இறுதி அறையில் கத்தியும் முள்கரண்டியும் ஏந்தி உண்பவனின் கிண்ணம் உடைகிறது. கருவிகளின் நெடும் வரிசை அவ்வுடைந்த கண்ணாடியில் முடிகிறது. குழந்தையின் கை வெறுங்கை.

இரண்டாவது, பிறந்தநாள். நிலவுக்குச் செல்லும் விஞ்ஞானி, மறுநாள் பிறந்தநாள் காணும் மகளிடம் தம்மால் வர இயலாது என்று திரைவழியே கூறுகிறார். விண்கலத்தில் பூலுக்குப் பெற்றோர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து ஒலிக்கிறது. அவன் முகத்தில் அசைவில்லை. நினைவு கழற்றப்படும் ஹால், 1992 ஜனவரி 12 அன்று தான் இயங்கத் தொடங்கியதைச் சொல்லிக்கொண்டே அடங்குகிறது. மூன்று பிறந்தநாள், மூன்றிலும் அருகிருந்து அணைப்பார் இல்லை. நான்காவதாக வருவதே இறுதிப் பிறப்பு. அதனாற்றான் அக்குழந்தை நம் பக்கம் திரும்புகிறது என்று நான் கருதுகிறேன். 'இம்முறையேனும் என்னை ஏற்பார் உளரா?' என்பது அப்பார்வை. இது என் உரை. முடிந்த முடிபு அன்று.

இறுதியாக, என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இலக்கியமும் திரைப்படமும் என்னும் விருப்பப் பாடத்தில் இப்படத்தைத் திரையிட்டு, முடிவை விளக்குமாறு தேர்வில் வினாக் கேட்டேன். வகுப்பில் நான் கொடுத்த குறிப்பு, 'மறுபிறப்பு, மானுடத்தின் வெற்றி' என்பது. அனைவரும் அதையே எழுதினர். ஒரு மாணவி மட்டும், 'அந்தக் குழந்தை அழவில்லை. அழாமல் பிறக்கும் குழந்தையைக் கண்டால் எங்கள் ஊரில் மருத்துவச்சி அஞ்சுவாள். எனவே இது வெற்றி அன்று; நமக்கு அச்சம் வர வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன்.

குப்ரிக்கின் விளக்கம் வெளிவந்து, அன்றிரவு படத்தை மீண்டும் பார்த்தேன் என்றேனே, அப்போதுதான் கவனித்தேன். இசை முழங்குகிறது, குழந்தையிடமிருந்து ஒலியே இல்லை. அவள் படத்தில் உள்ளதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நான் என் குறிப்பைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். தேர்வு முடிவுகள் வெளியாகிப் பல நாள் ஆகியிருந்தன. அம்மாணவி கல்லூரியை விட்டுச் சென்றிருந்தாள். அந்த ஏழு மதிப்பெண்ணை நான் இன்னும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆகவே, கவிஞர்களே, உங்கள் கவிதைக்கு நீங்களே உரைகாரராக விரையாதீர்கள். கேட்போரே, 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சொல் அவ்வாறு தோன்றச் செய்தது என்று சுட்டிக் காட்டுங்கள். அடுத்த திங்கள் பின்வரிசைக் குரல், 'தாங்கள் சொல்ல வந்தது என்ன?' என்று கேளாமல், 'இச்சொல் இங்கே ஏன் நிற்கிறது?' என்று கேட்குமாயின், இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டு நன்றாகத் தொடங்கியது என்பேன்.