பிள்ளைத்தமிழும் ஒரு தாயின் பட ஏடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அழைப்பிதழில் பத்தாம் ஆண்டு என்று கண்டதும் என் மனம் பத்துப் பருவங்களை நாடிச் சென்றது. தமிழில் குழந்தை வளர்ச்சிக்குப் பத்து என்பதே கணக்கு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைகட்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், கழங்கு, அம்மானை, ஊசல் என்பன பெண்பாற்கும் உரியன. 3 ஆம் திங்களில் தொடங்கி, ஒற்றைப்படைத் திங்கள்களில் ஏறி, 21 ஆம் திங்களில் நிறைவது பரவலாக வழங்கும் முறை. பாட்டியல் நூல்களிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. பருவத்திற்குப் பத்துப் பாடலாக நூறு பாடல் பாடுதல் மரபு.

பிள்ளைத்தமிழின் இலக்கணத்தை உங்கள் முன் ஒப்பிக்க நான் வரவில்லை. என்னினும் நன்கறிந்தோர் இவ்வவையில் இருக்கின்றீர்கள். பெற்ற பிள்ளையை நாள்தோறும் உற்று நோக்கிப் படமாகவும் குறிப்பாகவும் எழுதிவைக்கும் பெற்றோரின் ஏட்டையும், நம் பிள்ளைத்தமிழையும் அருகருகே வைத்துக் காண வேண்டும் என்பதே என் விருப்பம்.

குழவியைப் பாட்டுடைப் பொருளாக்க இடம் தந்தவர் தொல்காப்பியர். கண்ணனின் பிள்ளைமையைப் பாடிப் பின்னோர்க்கு வழி திறந்தவர் பெரியாழ்வார். தொட்டில், அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, முதுகைக் கட்டிக்கொள்ளல், காது குத்தல், நீராட்டல் என்று அவர் ஒழுங்குபடுத்திய வரிசை ஒரு தாயின் நாட்குறிப்பைப் போலவே இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கினார். 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளையாக்கினார்.

இப்பருவங்களை வகுத்தோர் வெறுங் கற்பனையில் மிதந்தோர் அல்லர். செங்கீரை என்பது யாது? ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து குழந்தை அசைந்தாடும் நிலை. கழுத்து நின்ற பிள்ளைக்கே அது கைகூடும். சப்பாணி 9 ஆம் திங்களுக்கு உரியது. இன்றைய குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் கை கொட்டுதல் ஏறத்தாழ அத்திங்களில் வரும் என்பார். 13 ஆம் திங்களில் வருகை. பிள்ளை அடியெடுத்து வைக்கும் காலமும் அதுவே. தொட்டிலருகே நெடுநேரம் நின்ற கண்களே இவ்வரிசையைக் கண்டிருத்தல் கூடும். அக்கண்கள் தாயரின் கண்கள் என்றே நான் கருதுகிறேன். பாட்டாய்த் தொகுத்த கைகளோ பெரும்பாலும் ஆண்மக்களின் கைகள்.

எனினும் இவ்விலக்கியத்தில் ஓர் எல்லை உண்டு. பாட்டுடைத் தலைவர் பெரும்பாலும் தெய்வம் அல்லது அரசர். ஆதலால் அப்பிள்ளைக்கு எப்பருவமும் பிந்துவதில்லை. ஒரு கை மற்றொரு கைக்குக் குறைவதுமில்லை. குழந்தைமை முழுவதும் அங்கே உண்டு. ‘இந்தக் குழந்தை’ என்று சுட்டத்தக்க ஒரு பிள்ளை இல்லை.

அந்த ஒரு பிள்ளையைப் பார்த்தோர் பிற நாடுகளில் இருந்தனர். உயிர்களின் தோற்றம் பற்றி உலகின் எண்ணத்தையே மாற்றிய சார்லஸ் டார்வின், 1839 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள் தமக்குத் தலைமகன் வில்லியம் பிறந்தது முதல் ஓர் ஏட்டில் குறிப்பெழுதினார். தும்மல், கொட்டாவி, பால் உறிஞ்சல் முதலியவை முதல் வாரத்திலேயே அமைந்திருந்தமை, கண்ணாடியில் தன் உருவையும் தந்தை உருவையும் கண்டு நாலரைத் திங்களில் சிரித்தமை, ஓராண்டு நிறைந்தபோது உணவுக்கென்று ‘மம்’ என ஒரு சொல்லைத் தானே படைத்துக்கொண்டமை ஆகியவற்றை எல்லாம் குறித்தார். அவ்வேட்டில் அவர் மனைவி எம்மாவின் கையெழுத்தும் உண்டு. குறிப்புகளின் சாரத்தை 1877 இல்தான் டார்வின் வெளியிட்டார். உலகறிந்த அறிவியலார் ஒருவர் தம் மகனின் மழலையை முப்பத்தேழு ஆண்டுகள் பேணி வைத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாரிசில் வாழ்ந்த ஓவியர் பெர்த் மோரிசோ எழுத்தால் அன்றி வண்ணத்தால் அதைச் செய்தார். 1878 இல் பிறந்த தம் மகள் ஜூலியை, செவிலியின் மடியில் பாலுண்ட பருவம் தொட்டுத் தாம் 1895 இல் மறையும் வரை மீண்டும் மீண்டும் தீட்டினார். அப்படங்களை வரிசையாக வைத்தால் ஒரு பெண்ணின் வளர்ச்சி கண்முன் நடக்கும். தாயின் படங்களில் வளர்ந்த அம்மகள் பின்னர்த் தாமே நாட்குறிப்பு எழுதினார். அது நூலாகவும் வந்துள்ளது.

இனி, நம் வீட்டுக்கு வருகிறேன். என் சித்தி மகள் ஒருத்தி பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை. அவள் இசைவு பெற்றே இதனை இங்குச் சொல்கிறேன். மகள் பிறந்த மூன்றாம் நாள் தொடங்கி, வாரம் ஒரு பக்கமாக, கோடிடாத நோட்டில் பென்சிலால் வரைந்து வந்தாள். உச்சிச் சுழி, கழுத்து மடிப்பு, உள்ளங்கால், உறங்கும்போது பிரிந்த உதடு, வசம்பு கட்டிய மணிக்கட்டு எனப் படங்கள் நிறைந்தன. ஒவ்வொன்றின் கீழும் நாள் மட்டும் இருக்கும். புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை.

6 ஆம் திங்கள் அளவில் அவளுக்கு ஓர் ஐயம் எழுந்தது. வரைந்த பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். பக்கந்தோறும் வலக்கை விரிந்திருக்க, இடக்கை பெருவிரலை உள்ளடக்கி மூடியே இருந்தது. வீட்டிலிருந்த பெரியவர்களோ, பிள்ளை எதையும் வலக்கையால்தான் வாங்குகிறது, என்ன சமர்த்து என்று மகிழ்ந்திருந்தனர். சோற்றுக் கை, பீச்சாங்கை என்று கைகளைப் பிரித்துப் பழகிய நமக்கு அது சமர்த்தாகவே தோன்றும். ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டும் பிள்ளை நாடுவது மருத்துவர் கவனிக்க வேண்டிய அறிகுறி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 9 ஆம் திங்கள் வந்தது. சப்பாணி வரவில்லை. சப்பாணிக்கு இரண்டு கைகள் வேண்டுமே! சில பிள்ளைகட்கு நேரமாகும் என்று வீடு ஆறுதல் சொன்னது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் சென்றாள். அவர் பிள்ளையைப் பார்த்தபின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்து, கீழே எழுதிய நாள்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உடலின் ஒரு பக்கத்தைத் தொடும் பெருமூளை வாதம் என்பது பின்னர் உறுதியாயிற்று. காலம் தாழ்த்தாமல் இயன்முறைப் பயிற்சி தொடங்கியது.

அதே பிள்ளையைக் கைப்பேசியில் எடுத்த படங்கள் அவ்வீட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் எவரும் அந்தக் கையைக் காணவில்லை. பிள்ளை சிரிக்கும்போது நாம் கைப்பேசியை நீட்டுகிறோம். சிரிப்பு கிடைத்ததும் நம் வேலை முடிந்துவிடுகிறது. வரைபவர்க்கு அந்த விடுதலை இல்லை. ஐந்து விரலை வரைய ஐந்து விரலையும் பார்த்தாக வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நாம் சற்று நிற்க வேண்டும். சப்பாணி என்றால் நம் இலக்கியத்தில் கையொடு கை சேர்த்துக் கொட்டுதல். தெருவில் அதே சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கால் நடவாதவரைச் சுட்டவும், சுட்டுவதோடு நில்லாது இகழவும் அச்சொல்லை எடுக்கிறோம். குழந்தையின் மகிழ்ச்சிக்குப் பெயராக இருந்த ஒலி, உடல் இயலாதவர் மீது எறியும் கல்லாகவும் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்த நாள் முதல், வகுப்பில் சப்பாணிப் பருவத்தை நடத்தும்போதெல்லாம் இவ்விரண்டு பொருளையும் மாணவியர்க்கு எடுத்துச் சொல்கிறேன். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கற்பித்தல் நேர்மையன்று.

அப்படியாயின், பருவம் பிந்திய பிள்ளைக்குத் தமிழில் பாட்டு இல்லையா? பட ஏடு அப்பிள்ளையைக் கண்டது. பிள்ளைத்தமிழ் அவளைக் கைவிட்டதா? இக்கேள்வியோடு நான் மீண்டும் நூல்களைப் புரட்டினேன். அப்போது, எப்போதும் கண்முன் இருந்த ஓர் இலக்கணம் புதிதாகத் தென்பட்டது. பிள்ளைத்தமிழில் ஒவ்வொரு பாடலின் முடிபையும் நினைவுகூருங்கள். குழந்தை கை கொட்டியது, நடந்தது, முத்தம் தந்தது என்று இறந்த காலத்தில் செய்தி கூறி அவை முடிவதில்லை. கொட்டுக, வருக, தருக என்று வேண்டியே முடிகின்றன. அம்புலியிடமும் வா என்ற வேண்டுகோள்தான். ஒருமுறை கேட்டு அமையாமல் பருவத்திற்குப் பத்துமுறை கேட்கிறது. கேட்டது கிடைத்தது என்று சொல்லாமலே அடுத்த பருவத்திற்குப் போகிறது.

அன்பர்களே, இது நடந்ததை அறிவிக்கும் மொழி அன்று, காத்திருப்பவரின் மொழி. தெய்வப் பிள்ளைக்கு அது அலங்காரமாக இருக்கலாம். 9 ஆம் திங்கள் கடந்தும் கை கொட்டாத பிள்ளையின் முன் அமர்ந்து, நாள்தோறும் தன் கைகளைக் கொட்டிக் காட்டிக் ‘கொட்டம்மா, கொட்டு’ என்று கேட்கும் தாய்க்கோ அதுவே உயிர்மொழி. வேண்டுகோளுக்குத் திங்கள் கணக்கு இல்லை. நூறு பாடலுக்குப்பின்னும் அது கேட்கலாம். இவ்விலக்கணத்தை வகுத்தோர் இதனை எண்ணினரா என்ற ஆராய்ச்சிக்குள் நான் நுழையவில்லை. வடிவம் இடம் தருகிறது, அது போதும்.

அந்தச் சிறுமி தன் 17 ஆம் திங்களில், மூடிய இடக்கையின் மேல் வலக்கையால் தட்டினாள். ஓசை சிறிதே வந்ததாம். தாய் அதை வரைந்து கீழே நாள் எழுதினாள். இன்று அவள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். அந்நோட்டின் இறுதிப் பக்கங்கள் அவளே வரைந்தவை. அவற்றுள் ஒன்று தாய் படம் வரையும் படம்.

கவிஞர்களாகிய உங்களுக்கு ஒரு விண்ணப்பம். 20 ஆம் நூற்றாண்டில் அரசியல் தலைவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் நூல்கள் எழுந்தன. அவற்றுட் பலவற்றில் பருவப் பெயர்கள் இருக்கின்றன, பிள்ளை இல்லை. செங்கீரைக்கு எதுகை தேடிய அளவுக்குச் செங்கீரை ஆடும் பிள்ளையை நாம் தேடவில்லை. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒருவரேனும், தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு பிள்ளையை ஓராண்டு பார்த்து எழுதுங்கள். பென்சில் பழகாதவர் நாளும் ஒரு வரி குறியுங்கள். காது கேளாத பிள்ளைக்குத் தால் எப்படி அமையும்? கண் தெரியாத பிள்ளைக்கு அம்புலியை எப்படி அழைப்பீர்கள்? யாப்பு உங்களிடம் இருக்கிறது. அப்பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. பிள்ளையைக் காக்குமாறு தெய்வங்களை அழைத்த பின்னரே மற்றவை தொடங்கும். பெற்றோர் அளிக்கக்கூடிய முதற்காப்பு, பிள்ளை உள்ளவாறே அதனைப் பார்ப்பது. பாவலர்க்கும் அக்கடமை உண்டு.