ரூத்து கதிர் பொறுக்கிய வயல்



அறுவடையில் சிந்தும் கதிர்களை ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியர் நூல் 19ஆம் அதிகாரம். கைம்பெண்ணும் மோவாபு நாட்டவருமான ரூத்துக்கு அது உரிமை. ஆனாலும் பிறர் வயலில் தொல்லை நேரலாம் என்று மாமியார் நகோமி அஞ்சுகிறார். போவாசு என்ன செய்தார்? ரூத்தை அதட்டக் கூடாது என்று தம் ஆள்களிடம் சொன்னார். கட்டுகளிலிருந்தும் சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொன்னார். சட்டம் முன்பே இருந்தது. கூச்சமின்றிக் குனிந்து பொறுக்க வழி செய்தவர் போவாசு.

தமிழ்நாட்டில் ஆதரவற்ற கைம்பெண்களுக்கும் முதியோருக்குமான உதவித்தொகை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. தகுதியிருந்தும் அதைப் பெறாதவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். "நான் வாங்கினால் என் மகனை ஊர் என்ன பேசும்?" என்று தயங்கும் தாய் ஒருபுறம். கணவரின் இறப்பையே பதிவு செய்யாத பெண் மறுபுறம். ஆதாரில் வீட்டுப் பெயர், ரேஷன் அட்டையில் திருமுழுக்குப் பெயர். இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல்! தாலுகா அலுவலகம் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. "அடுத்த வாரம் வாம்மா" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. மூன்றாம் முறை யார் போவார்? இவர்களை அக்கறையற்றவர்கள் என்பது அநியாயம்.

இந்த வாரம் அன்பியக் கூட்டம் முடிந்ததும், நம் தெருவில் யாருக்கு இத்தொகை வரவில்லை என்று விசாரிப்போம். எல்லார் முன்னிலும் வேண்டாம். வீட்டுக்குப் போய் மெதுவாகக் கேட்போம். விண்ணப்பம் நிரப்ப இளையோர் ஒருவரும், இ-சேவை மையத்துக்கு உடன் செல்ல இன்னொருவரும் கிடைத்தால் போதும்.