கீல் பூசிய ஜாடி



நம் ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில், 1945-ஆம் ஆண்டு வீலர் என்பார் நடத்திய அகழாய்வில் ரோமானியரின் மது ஜாடித் துண்டுகள் கிடைத்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். அரபு வணிகத்தோடு தொடர்புடைய வேறொரு ஜாடியும் உண்டு. கேரளத்தின் பட்டணத்திலும், இலங்கையின் மாந்தையிலும் அதன் துண்டுகள் கிடைத்துள்ளன. தாய்லாந்தில் 2013-இல் வெளிப்பட்ட பழங்கப்பல் ஒன்றிலும் அவ்வகை ஜாடிகள் இருந்தன. ஸாஸானியர் காலம் தொட்டு அப்பாஸியர் ஆட்சியின் முற்பகுதி வரை பாரசீக வளைகுடாவிலிருந்து அவை கடலேறின.

அதற்குப் பளபளக்கும் மெருகுப் பூச்சு இல்லை, கைப்பிடியும் இல்லை, அடி குவிந்திருக்கும். மெருகில்லா மண் கசியும். நம் வீட்டுப் பானையில் தண்ணீர் குளிர்வதே அதனால்தான். ஆனால் எண்ணெயோ மதுவோ கசிந்தால் வணிகனுக்கு நஷ்டமன்றோ? ஆகவே உட்புறம் முழுவதும் கறுத்த கீலைப் பூசினார்கள்.

இப்போது ஹதீஸுக்கு வருவோம். வளைகுடாக் கரையான அன்றைய பஹ்ரைனிலிருந்து அப்துல் கைஸ் கூட்டத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, நான்கு பாத்திரங்கள் அவர்களுக்குத் தடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘முஸஃப்பத்’, அதாவது கீல் பூசியது. ஓதும் காலத்தில் இச்சொல்லுக்குப் பொருளை மனனம் செய்தோமே தவிர, பாத்திரத்தைக் கண்டதில்லை. மேற்சொன்ன ஜாடியேதான் அது என்று நான் அறுதியிட்டுக் கூறவில்லை; எத்தகையது என்பது மட்டும் விளங்குகின்றது.

ஏன் தடை? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள்: பேரீச்சம்பழம் ஊறிய நீர் தோல்பையில் போதையாக மாறினால் பை வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்பாத்திரங்களிலோ, மாறியது தெரியாமலேயே ஒருவன் பருகிவிடுவான்.

பின்னர் அத்தடை நீக்கப்பட்டதாக புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எல்லாப் பாத்திரமும் ஆகும். போதை தருவது மட்டும் ஆகாது.

“மதுப்புட்டியைக் கழுவித் தேன் ஊற்றி வைக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்போர் உண்டு. நன்கு கழுவினால் ஆகும். கேட்கும் பேணுதல் நல்லதே. ஆனால் மதுக்கடைகள் மலிந்த நம் புதுச்சேரியில், மகன் கையிலுள்ள குளிர்பானப் புட்டிக்குள் என்ன கலந்திருக்கின்றது என்று எத்தனை தந்தையர் கேட்கின்றோம்? பெயர் குளிர்பானம், புட்டியும் குளிர்பானத்தினுடையதே. கீல் பூசிய ஜாடியைப் போல், அதுவும் வெளியே எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.